மூச்சு சாரின் எழுத்து வகுப்பு

ஒரு வாக்கியத்தைப் படித்து மயங்கி விழுந்த மனிதர் இந்த மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மூச்சு சார். கவிதை படித்து மயங்கியவர்கள் உண்டு, பரீட்சை முடிவைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. கல்லூரி மெமோவைப் படித்து மயங்கியவர் வேறு யாராவது இருந்தால் வாசகர்கள் எழுதலாம். நான் நம்பமாட்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அதன் தாளாளர் நலமாக இருக்கிறார். அவருடைய வக்கீல் அவரைவிட நலமாக இருக்கிறார்.

அந்த வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பாடம் வந்து சேர்ந்தது. பெயர் ‘பணியிட எழுத்து’. நாளைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடுப்புக் கடிதம், மின்னஞ்சல், அறிக்கை, புகார், புகாருக்குப் பதில் எல்லாம் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் நடத்த ஆள் இல்லை. தமிழ்த்துறை, “இதுல இலக்கியமே இல்லையே” என்றது. ஆங்கிலத்துறை, “இது தமிழ்ல இருக்கே” என்றது. வணிகவியல் துறையான நாங்கள், “இதுல கணக்கு இல்லையே” என்று கையைக் கழுவினோம். கடைசியில் வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தார்கள். பார்சல் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவர். ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, பையில் சிவப்பு மைப் பேனாக்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். முதல் வாரத்திலேயே பிள்ளைகள் அதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள்.

பெயர்க் காரணம் இது. யாராவது ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால், சார் எழுந்து நின்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்வார். பிறகு முதல் வாக்கியத்தை உரக்கப் படிப்பார். முற்றுப்புள்ளி வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டால் வாக்கியம் ஃபெயில். வெறும் ஃபெயில் அல்ல. முகம் சிவந்து, கண் பிதுங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கொலை செய்யப்பட்டவர் மாதிரி எழுதியவனைப் பார்ப்பார்.

“ஆபீஸ்ல உன் லெட்டரைப் படிக்கிறவன் யாருடா? காலைல டிஃபன்கூட ஒழுங்கா சாப்பிடாம பஸ்ஸைப் புடிச்சு வந்தவன். அவன்கிட்ட இருக்கறதே ஒரு மூச்சு. அதையும் நீ புடுங்கிக்கினா அவன் எப்படிடா உன் வேலையைப் பார்ப்பான்?”

இப்படி எழுத்தில் சிக்கனம் பிடித்தவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வாக்கியத்தின் பெருமையைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் அவர் பேசத் தொடங்கிய ஒரு நாளில் நான் டீ குடித்து, பேப்பர் திருத்தி, வகுப்பு எடுத்து, திரும்பி வந்தபோதும் அதே வாக்கியத்தில்தான் இருந்தார்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. நான் பற்று வரவு நடத்தும்போதெல்லாம் அந்தப் பக்கம் யாரோ மூச்சுத் திணறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் மாதம் என் பிள்ளைகள் பயந்தார்கள். அடுத்த மாதம் பந்தயம் கட்டினார்கள்.

முதல் பயிற்சி விடுப்புக் கடிதம். வகுப்பு மொத்தமும் ஒரே கடிதத்தை எழுதிக் கொடுத்தது. ‘கடுமையான காய்ச்சல் காரணமாக என்னால் கல்லூரிக்கு வர இயலவில்லை.’ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வியாதியே வந்ததில்லை. மூச்சு சார் கடிதக் கட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மேலே ஒரு தாளில், ‘முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கடுமையான காய்ச்சல். அவர்கள் எழுதிய கடிதங்கள் இணைப்பில்’ என்று எழுதி, கட்டோடு கொண்டுபோய் முதல்வரின் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

எங்கள் முதல்வர் சாது. எழுதியிருந்தால் நம்புவார். அலறி அடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார். மத்தியானம் ஜீப் வந்தது. நர்சம்மாக்கள் இறங்கினார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஒவ்வொருவர் நெற்றியிலும் கருவியை நீட்டிச் சூடு பார்த்தார்கள். இன்னொரு பக்கம் இரண்டு பேர் கொசுப்புகை அடித்துக்கொண்டே கல்லூரியைச் சுற்றினார்கள். என் வகுப்புக்குள் புகை நுழைந்தபோது நான் தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் பாடத்துக்காக முதல்முறையாகக் கண்ணீர் விட்டார்கள்.

மறுநாள் மூச்சு சார் வகுப்பில் நிதானமாகச் சொன்னது பலகையைத் தாண்டிக் கேட்டது.

“பார்த்தீங்களா? எழுதினா நடக்கும். எதுவும் நடக்காதுன்னு நினைச்சு எழுதினீங்க பாருங்க, அதான் தப்பு. இனிமே இந்த வகுப்புல எழுதற எதுவும் பீரோக்குள்ள போகாது. போகவேண்டிய எடத்துக்குப் போகும்.”

இந்த ஒரு கொள்கைதான் பின்னால் அத்தனை வினைக்கும் காரணம்.

இப்போதைய பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. போனிடம் சொன்னால் அதுவே கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்திபன் என்ற பையன் கொண்டுவந்தான். சார் மூச்சை இழுத்தார்.

“இக்கடிதம் தங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறேன்.” மூச்சு மிச்சமிருந்தது. ஆனாலும் நிறுத்திவிட்டார். “என்னாடா இது? கடிதம் எதுக்குடா என்னைக் கண்டடையணும்? நான் என்ன தொலைஞ்சா பூட்டேன்?”

“போன்ல அப்படித்தான் வந்துச்சு சார்.”

“அப்ப போனையே வகுப்புக்கு அனுப்பு. நீ வூட்ல படுத்துக்க.”

பார்த்திபன் அந்த யோசனையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பெரும்பாலும் வீட்டில்தான் படுத்திருந்தான். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்தான்.

‘ஊருக்குப் புதியவர் ஒருவருக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் வழியை எழுதுக’ என்பது அடுத்த பயிற்சி. விடைத்தாள் கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளை உருவினார் சார். பார்த்திபனுடையது. மறுநாள் காலை கல்லூரி பஸ்ஸில் அவர் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று தாளைப் பிரித்தார். ‘மலை எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்குமாறு நேராக வரவும். கல்லூரி வரும்.’

எழுதியவன் நினைத்தது என்னவோ தெரியாது. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு இந்த ஊரில் நேராக நடந்தால் என்ன நடக்கும் என்று வெளியூர் பக்தர்களுக்கே தெரியும். மூச்சு சார் கிரிவலப் பாதையில் நடந்தார். பௌர்ணமி இல்லை, கூட்டம் இல்லை. காலில் ஷூ, கையில் வருகைப் பதிவேடு, மண்டையைப் பிளக்கும் வெயில். எம லிங்கத்தின் அருகே அவருக்கு முதல் சந்தேகம் வந்ததாம். ஆனால் எழுதியிருப்பதைத் தாண்டி யோசிப்பது வாசகன் வேலை இல்லை என்பதால் மேலே நடந்திருக்கிறார். வழியில் காவி கட்டிய சாமியார் ஒருவர், ஷூ போட்டுக்கொண்டு சுற்றும் இவரைக் கண்டித்திருக்கிறார். இவர் தாளைக் காட்டி, “இதுல செருப்பைக் கழட்டச் சொல்லலீங்களே” என்றிருக்கிறார்.

மலையை முழுசாகச் சுற்றி, பழையபடி பஸ் ஸ்டாண்டு அருகே வந்து சேர்ந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து அவர் கல்லூரிக்குள் நுழைந்தபோது கடைசி மணி அடித்துக்கொண்டிருந்தது. முகம் சுட்ட கத்திரிக்காய் மாதிரி இருந்தது.

“எழுதினது யாரு?”

பார்த்திபன் எழுந்தான். ஓடத் தோதாக ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சொன்னான்: “உங்களுக்குப் புண்ணியம்தான் சார்.”

வகுப்பு சிரித்தது. பலகைக்கு இந்தப் பக்கம் நாங்களும் சிரித்தோம். மூச்சு சார் மட்டும் தாளில் சிவப்பு மையால், ‘கல்லூரி வரவில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வகுப்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. வேதியியல் துறைக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தியருள வேண்டும் என்று பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். மறுநாள் அது அவருக்கே திரும்பி வந்தது. எல்லாம் அடித்து, கீழே சிவப்பு மையில், ‘வியாழன் காலை என் மகளுக்குக் கல்யாணம். வாருங்கள். சாப்பாடு உண்டு’ என்று திருத்தியிருந்தது. வேதியியல்காரர் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. கல்யாணத்துக்குப் போன மூச்சு சாருக்குப் பந்தியில் பாயசம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் பருவத்தில் வந்தது ‘புகார் எழுதுதல்’.

எங்கள் கல்லூரியில் பெண் பிள்ளைகளுக்கு என்று மாடியில் ஒரு கழிப்பறை இருந்தது. பளபளவென்று டைல்ஸ், சுவரில் தாளாளர் திறந்துவைத்ததற்கான கல்வெட்டு. எல்லாம் இருந்தது, தண்ணீர் இல்லை. மேலே தொட்டி கட்டினார்கள், கீழே குழாய் போட்டார்கள், இரண்டையும் இணைக்க மறந்துவிட்டார்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் உண்டு. இதைப் பற்றி அவ்வப்போது பெண் விரிவுரையாளர்கள் மனு கொடுப்பார்கள். ‘மேற்படி பொருள் தொடர்பாக ஆவன செய்யப்பட்டு வருகிறது’ என்று பதில் வரும். ஆவன என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, செய்தவர்களுக்கும் தெரியாது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மஞ்சுளா என்ற பெண் எழுதிய புகார் இது:

‘ஐயா, மாடியில் உள்ள பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. தொட்டியிலிருந்து குழாய்க்கு இணைப்பு இல்லை. அதனால் நாங்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. இணைப்புக் கொடுத்துவிட்டால் போதும்.’

மூச்சு சார் படித்தார். நாலு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் படித்து முடித்தார். அந்தப் பக்கம் திணறல் கேட்காததால் என் வகுப்பே பேனாவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தது.

“உக்காரும்மா” என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. “இது போகவேண்டிய எடத்துக்குப் போகட்டும்.”

தாளாளருக்குப் போனது.

தாளாளர் மண்டி வியாபாரத்தில் தொடங்கிக் கல்விக்கு வந்தவர். மண்டியில் இருந்தவரை, ‘மூட்டை வந்தது’, ‘லாரி போனது’ என்று சுருக்கமாகத்தான் பேசியிருப்பார். கல்வித் தந்தை ஆனபிறகு நீளமாக எழுதினால்தான் மரியாதை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் மூச்சு சாருக்கு மெமோ வந்தது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே பியூன் கொண்டுவந்து நீட்டினார். அன்று கிருத்திகை, சார் விரதம். ஆனாலும் வழக்கம்போல எழுந்து நின்று காற்றை இழுத்தார்.

“தங்களிடம் பயிலும் முதலாண்டு மாணவி ஒருவர் இக்கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் உள்நோக்கம் கொண்டதாகக் கருதத்தக்க வகையில் அமைந்த கடிதம் ஒன்றினைத் தாளாளர் அவர்களின் மேலான பார்வைக்கு நேரடியாகவே அனுப்பிவைக்கும் துணிவினைப் பெற்றமைக்கு...”

முகம் சிவந்தது.

“...தாங்களே முழுமுதற் காரணம் என்பது முதல்வர் அவர்களின் வாயிலாக அறியவரப்பெற்று அதன் தொடர்ச்சியாக மேற்கொள்ளப்பட்ட வாய்மொழி விசாரணையில் தெரியவந்துள்ள விவரங்களின் அடிப்படையில்...”

“போதும் சார், மூச்சு விடுங்க!” என்று நான் கத்தினேன். கையை ஆட்டி மறுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“...தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை...”

அவ்வளவுதான். விழுந்தார். மேஜை மேலிருந்த விடைத்தாள்களும் அவரோடு விழுந்தன. எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டவர் வேதியியல்காரர். தண்ணீர் தெளித்ததும் சார் கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது இதுதான்:

“முற்றுப்புள்ளி எங்க இருக்கு?”

“அடுத்த பக்கத்துல சார்” என்றார் வேதியியல்காரர். கல்யாணப் பத்திரிகை திரும்பி வந்த நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டும். சார் எழுதினார்: ‘நான் எழுதக் கற்பித்தேன். அவர் எழுதினார்.’ முதல்வர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாகக் கெஞ்சினார்.

“சார், கொஞ்சம் பணிவன்புடன்னாவது சேத்துக்குங்க சார். ஒரு தாழ்மையுடன் போட்டா என்ன கொறஞ்சா போயிடும்?”

“ஜாஸ்தியாப் பூடும் சார்” என்றார் இவர்.

விசாரணை தாளாளர் அறையில். ஏ.சி. ஓடியது. கூட்டக் குறிப்பு எழுத என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மூச்சு சார், இன்னொரு பக்கம் மஞ்சுளா. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப் போயிருந்தது. பாவம், டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான்.

“உங்க அப்பாவைக் கூட்டிக்கினு வா” என்றார் தாளாளர்.

“அப்பா நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருக்காருங்க சார். அடுத்த வாரம்தான் வர முடியும்.”

“என் காலேஜைப் பத்தி என்கிட்டயே புகாரா? உனக்கு யார் இந்த தைரியம் குடுத்தது?”

மூச்சு சார் பேசினார். “பாடத்திட்டம் சார். அஞ்சாவது அலகு.”

“நீங்க பேசாதீங்க! ஏம்மா, மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ. விட்டுடறேன்.”

நான் மூச்சு சாரைப் பார்த்தேன். எகிறப் போகிறார், வேலை இப்போதே போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“எழுதும்மா. மன்னிப்புக் கடிதமும் பாடத்துல இருக்கு. என்ன நடந்துச்சோ அதை எழுது. பயப்படாத.”

மஞ்சுளா எழுதினாள். தாளாளர் வாங்கிப் படித்தார். பிறகு ஏனோ கூட்டக் குறிப்பில் சேர்ப்பதற்காக என்னிடம் நீட்டினார். நான் அப்படியே சேர்த்தேன்.

‘ஐயா, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று எழுதியதற்கு மன்னிக்கவும். இன்றும் தண்ணீர் இல்லை.’

மூச்சு சார் எட்டிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். “அந்த ‘இன்றும்’ ரொம்ப நல்லா வந்திருக்கும்மா” என்றார்.

மறுநாள் காலை தாளாளர் மேஜையில் ஒரு கட்டு மன்னிப்புக் கடிதம். முதலாண்டு மொத்தமும் எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் அவரவர் வார்த்தையில். ஒரு பையன், ‘நான் அந்தக் கழிப்பறைக்குப் போனதில்லை, ஆனாலும் மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தான். யாருக்கும் காய்ச்சல் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகாவது குழாய் இணைக்கப்பட்டதா என்றால், இல்லை. கல்வித் தந்தைகள் பிள்ளைகள் சொல்லி எதையும் செய்துவிடக் கூடாது. செய்தால் பழகிவிடும்.

பருவக் கடைசியில் சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி, வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. வாசலில் வாழைமரம், வரவேற்பு பேனர். முதலாண்டுப் பிள்ளைகளும் பகுதிநேர வேலைக்கு எழுதலாம் என்றார்கள். ஆள் எடுக்க வந்த அம்மாள் காலையில் சென்னையில் காரில் ஏறியவர். இறங்கியதும் மாலையைக்கூட வாங்காமல், எதிரில் நின்ற மஞ்சுளாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். முதல்வர் குறுக்கே பாய்வதற்குள் மஞ்சுளா பதில் சொல்லிவிட்டாள்.

“மாடில இருக்குங்க மேடம். தண்ணி வராது. தாளாளர் சார் ரூம்ல வரும். நேராப் போயி முதல் கதவு.”

அந்த அம்மாள் நேராகப் போய் முதல் கதவைத் திறந்தார். உள்ளே பட்டுச் சால்வையோடு வரவேற்பு உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த தாளாளர், “வருக வருக” என்று தொடங்கினார். அந்த அம்மாள் அவரைத் தாண்டிப் போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பிளம்பர் வந்து மாடித் தொட்டியில் இணைப்புக் கொடுத்துவிட்டார். முழுசாக அரைமணி நேர வேலை. குழாயிலிருந்து முதலில் துருவும் பிறகு தண்ணீரும் கொட்டியபோது பெண் பிள்ளைகள் போட்ட சத்தம் கீழே கேட்டது. மூச்சு சார் வராந்தாவில் நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

ஆனால் கதை அங்கே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. கம்பெனியின் எழுத்துத் தேர்வு இதுதான்: உடைந்த மிக்ஸி வந்துவிட்டதாகக் கோபத்தோடு எழுதியிருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுக. எங்கள் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள்: ‘உடைந்த மிக்ஸியை அனுப்பியது எங்கள் தவறு. நாளை வேறு அனுப்புகிறோம். உடைந்ததை எங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்.’

அந்த அம்மாள் விடைத்தாள்களைப் புரட்டிவிட்டுச் சலித்துக்கொண்டார். “எல்லாம் தெளிவா எழுதறாங்க சார். அதான் பிரச்சினை. எல்லாருமே தப்பை ஒத்துக்கறாங்க. எங்க கம்பெனியில அப்படி ஒத்துக்க முடியாது.”

தேர்வானது ஒரே ஒரு பையன். பார்த்திபன். மூச்சு சார் வகுப்பைத் தவறாமல் கட் அடித்தவன். ‘தங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தை நாங்கள் ஆழ்ந்த அக்கறையுடன் அணுகுகிறோம், தங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது’ என்று எழுதியிருந்தான். மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தாளாளருக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுத்தவர் என்று மூச்சு சார் கணக்கு தீர்க்கப்பட்டது. பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பியூன் மறுபடியும் ஒரு உறையோடு வந்தார். வேதியியல்காரர் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சார் எழுந்தார், காற்றை இழுத்தார், படித்தார்.

“திங்கள் முதல் நீங்கள் வர வேண்டாம்.”

இழுத்த மூச்சில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு மெல்ல விட்டார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வது!

“கத்துக்கிட்டார்யா!” என்றார். “யார் கத்துக்கலன்னாலும் இவர் கத்துக்கிட்டார்! ஒரு வார்த்தை ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல. புரியலன்னு எவனும் சொல்ல முடியாது.” பேனாவை எடுத்து முழு மதிப்பெண் போட்டு, பியூனிடமே கொடுத்து, தாளாளரிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

பிள்ளைகள் அழுதார்களா என்றால் இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. மஞ்சுளா மட்டும் வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். “என்னாலதான சார்?” என்றாள்.

“தண்ணி வருதா?” என்று கேட்டார்.

“வருதுங்க சார்.”

“அப்பறம் என்ன? போய்ப் படி.”

மஞ்சுளா இப்போது ஊரில் ஒரு மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். போன மாதம் முதுகுவலிக்குப் போனேன். ‘எலும்பு டாக்டர் இன்று வரமாட்டார். நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள்’ என்று போர்டில் எழுதியிருந்தது. டாக்டர் வந்துகொண்டே இருக்கிறார் என்று சாயங்காலம் வரை உட்கார வைக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பார்த்திபன் அந்தக் கம்பெனியில் நல்ல பதவிக்கு வந்துவிட்டான் என்று கேள்வி. அவனுக்கு என் வாழ்த்துகள், அவை அவனை எங்காவது கண்டடையட்டும்.

மூச்சு சாருக்கு வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்று முதல்வர் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வேங்கிக்கால் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வழி நெடுக, தாளாளரின் அந்த ஒற்றை வாக்கியத்தின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இறங்கியபிறகுதான் பேச்சு நின்றது. “சரிங்க” என்றார். உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் புதிதாக வந்த யாரோ ஒருவர் ஜன்னலோரம் அவர் நாற்காலியை இழுத்தார். ஆள் வருவார் என்று சொல்லி அதன்மேல் என் பையை வைத்தேன். அந்தக் கல்லூரியை விட்டு வரும் நாள்வரை என் பை அங்கேதான் இருந்தது.